வியாழக்கிழமை மண்டகப்படி

மேடம், நீங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் புதுசா வந்திருக்கிறவங்கதானே? கழுத்துல அட்டை தொங்குது, அதான் கேட்டேன். பஸ்ஸுல வேற எடம் இல்ல, இங்கன உக்காந்துக்கிறேன். பாப்பாவ மடியில வச்சுக்குவேன், உங்களுக்கு இடிக்காது. கொஞ்சம் நகருங்க. போதும், போதும்.

என்னைத் தெரியலையா? ரெண்டாவது மாடியில, ஜன்னலோரக் கண்ணாடி பீரோவுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருப்பேன். போன மாசம் நீங்க வந்து, "யாரும்மா நீ, கார்டு இருக்கா"ன்னு கேட்டீங்க. நான் பாத்ரூம் எங்க இருக்குன்னு உங்ககிட்டயே கேட்டுட்டு ஓடினேன்ல, அந்த ஆளுதான். பேரு பாண்டிச்செல்வி. ஊரு நெடுவனேந்தல். இது எம் மக தர்ஷிகா. மேடத்துக்கு வணக்கம் சொல்லுடி. சொல்ல மாட்டா. வீட்டுல பேசுற பேச்ச நீங்க கேக்கணுமே.

திரும்பிப் பாக்காதீங்க மேடம். பின்னாடி, படிக்கட்டுக்கு முந்தின சீட்டுல, வெள்ளைத் துண்டு போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல, அவரு எங்க மாமனார். பக்கத்துல சபாரி சட்டை போட்டவரு சம்பந்தி ஆகப் போறவரு. எங்க நாத்தனாவ அவரு மகனுக்குக் கேட்டிருக்காங்க. ரெண்டு பேரும் உங்க லைப்ரரிக்குத்தான் வர்றாங்க. நான் தூசி தட்டுறதப் பாக்க.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். நீங்க மனசு வச்சாத்தான் நான் இன்னைக்குத் தப்பிக்க முடியும். யுனிவர்சிட்டி வாசல் வர இன்னும் முப்பது நிமிசம் ஆகும். செங்கல் சூளைக்கிட்ட ரோடு தோண்டிப் போட்டிருக்கான், அதுல ஒரு பத்து நிமிசம் கூடுதலாக் கிடைக்கும். அதுக்குள்ள சொல்லிடுவேன். நான் வேகமாப் பேசுவேன், எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒப்புவிக்கிறதுல நான்தான் முதல்.

அந்தக் கண்ணாடி பீரோவுல இருக்கிற புத்தகமெல்லாம் எங்க மாமனாரோட அண்ணனோடது. அழகுமலைன்னு பேரு. ரயில்வேல கேட் கீப்பர். கல்யாணம் பண்ணிக்கல. கேட்டச் சாத்துவாரு, வண்டி வர்ற வரைக்கும் படிப்பாரு, வண்டி போனதும் கேட்டத் திறப்பாரு. முப்பத்தோரு வருசம் இதுதான் வேலை. அவரு கண்ண மூடினப்ப ஒரு அறை முழுக்கப் புத்தகம். ஆயிரத்து முன்னூறோ என்னமோ. அந்தச் சமயந்தான் எங்க வீட்டுக்காரருக்கு என்னைப் பேசி முடிச்சிருந்தாங்க. புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு அறை வேணும்ல? வீட்டுல இருக்கிறதே ரெண்டு அறைதான். அதனால புத்தகத்த எல்லாம் அள்ளி, சாக்குல கட்டி, ஆட்டுக் கொட்டாய்க்கு மேல பரண்ல ஏத்திட்டாங்க. இன்னைக்கும் நான் படுத்திருக்கிற அறைச் செவுத்துல பலகை அடிச்ச தடம் வரிசையா இருக்கு. சுண்ணாம்பு எத்தனை தரம் அடிச்சாலும் தெரியும்.

பழைய பேப்பர்காரனுக்குப் போடத்தான் மாமா இருந்தாரு. அப்பத்தான் யாரோ வந்து, உங்க யுனிவர்சிட்டியில நூல்கொடை விழா நடத்துறாங்க, புத்தகம் குடுக்கிறவங்கள மேடையில ஏத்தி, பொன்னாடை போத்தி, பீரோவுல பேரு எழுதுறாங்கன்னு சொன்னாங்க. மாமா அன்னைக்கே சாக்க இறக்கிட்டாரு.

விழாவுக்கு நானும் போனேன். ஏழு மாசம் எனக்கு. இவ வயித்துல. முன் வரிசையில உக்கார வச்சாங்க. ஒரு டாக்டரு நாற்காலி குடுத்தாரு. துபாய்ல இருக்கிற ஒருத்தரு கம்ப்யூட்டர் குடுத்தாரு. இன்னொருத்தரு பன்னெண்டு ஃபேன் குடுத்து, ஒவ்வொரு றெக்கையிலயும் உபயம்னு போட்டு அவரு பேரு எழுதி வச்சிருந்தாரு. ஓடுனா ஒரு எழுத்தும் தெரியாது, நிறுத்துனாத்தான் தெரியும். அதனால அவரு பேசி முடிக்கிற வரைக்கும் ஃபேன நிறுத்தி வச்சுட்டாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது. ஒவ்வொருத்தரும் மைக்கப் பிடிச்சு, இன்னது குடுத்தேன், இன்னமும் குடுப்பேன்னு சொல்லிட்டுப் போறாங்க. எங்க மாமா முறை வந்துச்சு. அவருகிட்ட இன்னமும் குடுக்க என்ன இருக்கு? மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. அப்புறம் சொன்னாரு: "புத்தகத்தக் குடுத்ததோட எங்க கடமை முடியாது. எங்க வீட்டு மருமக, வாரம் ஒருக்கா வந்து, தன் கையாலயே தூசி தட்டும்."

கை தட்டுனாங்க பாருங்க, அப்படி ஒரு கைதட்டல் துபாய்க்காரருக்குக்கூட இல்ல. நான் சுத்தியும் முத்தியும் பாத்தேன். அந்த வீட்டு மருமக யாருன்னா, நான் ஒருத்திதான்.

உங்க ஆபீசுல அதையும் பத்திரத்துல சேத்து எழுதிட்டாங்க. வியாழக்கிழமைன்னு நாளும் குறிச்சுட்டாங்க.

மாமாவ நான் குறை சொல்லல மேடம். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க ஊரு பங்குனித் திருவிழாவுல பத்து நாளும் பத்து வீட்டு மண்டகப்படி. எந்த வீட்டு நாளோ அந்த வீட்டு வாசல்ல சாமி நிக்கும், பரிவட்டம் அந்த வீட்டு ஆளுக்குக் கட்டுவாங்க. ஆறாம் நாள் எங்க வீட்டோடது. ஒரு வருசம் வீட்டுல சாவுத் தீட்டு விழுந்து, செய்ய முடியாமப் போச்சு. அந்த ஒரு வருசத்துக்கு மட்டும் மேலத்தெரு வீராச்சாமி செஞ்சாரு. அடுத்த வருசம் மாமா போய் நின்னா, "விட்ட மண்டகப்படி விட்டதுதான் சோலைமலை"ன்னு மாமா பேரச் சொல்லியே முடிச்சுட்டாங்க. இருபது வருசமாச்சு. ஆறாம் நாள் சாமி எங்க வாசலத் தாண்டிப் போகும்போது மாமா கொல்லைப் பக்கம் போய் ஆட்டுக்குத் தழை ஒடிப்பாரு.

அதனால அவருக்கு உங்க பீரோ ஒரு மண்டகப்படி. ஒரு வாரம் விட்டா உரிமை கைமாறிடும்னு அவரு கணக்கு. மழையா, போ. காய்ச்சலா, மாத்திரையப் போட்டுக்கிட்டுப் போ. பிரசவத்துக்கு மூணு மாசம் நான் போக முடியல, அப்ப எங்க அத்தைய அனுப்பி வச்சாரு. அவங்களுக்கு மூச்சிரைப்பு. ரெண்டு மாடி ஏறி, ஒரு புத்தகத்தத் தட்டிட்டு, கீழ இறங்கி, அரை மணி நேரம் காத்தாட உக்காந்துட்டு வருவாங்க. விட்டதா இருக்கக் கூடாதுல்ல.

மொதல்ல எனக்கு அழுகையா வந்துச்சு மேடம். மறைக்க என்ன இருக்கு? வீட்டுல ஆடு பதினாலு. தொழுவம் கூட்டணும், சமைக்கணும், கைப்பிள்ளை வேற. வாரத்துல ஒரு நாள் அத்தனையையும் விடியுமுன்ன முடிச்சுட்டு, பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போய், படிக்கிற பிள்ளைங்க முன்னால துணியும் கையுமா நிக்கணும். அவங்க என்னைக் கூட்ட வந்த ஆளுன்னு நெனச்சு, டீ டம்ளர எங்கிட்ட நீட்டுவாங்க. நானும் கழுவிக் குடுத்திருக்கேன்.

அப்புறம் பழகிடுச்சு. பொம்பளைக்கு டிக்கெட் இல்லன்னு ஆனதுலேருந்து மாமாவுக்கும் பஸ் காசு மிச்சம். அங்க ஃபேன் இருக்கு. யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. சகாயமேரி அக்காவத் தெரியும்ல, உங்க மாடியக் கூட்டுறவங்க, அவங்க சாவியக் குடுத்துடுவாங்க. நான் ஒவ்வொரு புத்தகமா எடுத்துத் தட்டுவேன். தட்டும்போது விரியுமில்ல? அப்பத்தான் பென்சில் எழுத்தப் பாத்தேன்.

பெரிய மாமா படிச்சுக்கிட்டு இருக்கும்போது வண்டி வந்தா, அந்த வரிக்குப் பக்கத்துல ஓரத்துல எழுதி வைப்பாரு. "2.10 சரக்கு." "பாசஞ்சர், பதினாலு நிமிசம் தாமதம்." ஒண்ணுல எழுதியிருக்காரு: "வண்டி வந்துவிட்டது, கிழவர் இன்னும் சாகவில்லை." இன்னொண்ணுல: "மாடு குறுக்கே வந்தது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கல்யாணம் முடிந்துவிட்டது." எனக்குச் சிரிப்பு தாங்கல. எந்தக் கிழவரு, எதுக்குச் சாகணும், யாரு கல்யாணம்? பென்சில் எழுத்து புரியணும்னா அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் பாக்கணும். பின்னாடி ரெண்டு பக்கம் பாக்கணும். அப்படிப் பாக்கிறதுதான். மத்தபடி எனக்குப் படிக்கிற பழக்கமெல்லாம் இல்ல மேடம். பன்னெண்டாவதோட சரி. மூணு தட்டுப் புத்தகம் முடிஞ்சது, நாலாவது தட்டுல பாதியில இருக்கேன். அவ்வளவுதான்.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. போன ஆடி மாசம் உங்க ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு.

இங்கிலீஷ்ல. மாமாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். வீட்டுல கடுதாசி வந்தா நான்தான் படிச்சுச் சொல்லணும். வாசல்ல வச்சுப் பிரிச்சேன். நாலு தரம் பாத்தப்புறம் விளங்குச்சு. புத்தகத்துக்கெல்லாம் நம்பர் ஒட்டியாச்சு, கண்ணாடி போட்ட பீரோவுக்கு மாத்தியாச்சு, சுத்தம் பண்ண ஒப்பந்தத்துக்கு ஆள் விட்டாச்சு, இனிமே உங்க வீட்டுல இருந்து யாரும் வந்து சிரமப்பட வேணாம், இத்தனை நாள் வந்ததுக்கு நன்றி. கீழ கையெழுத்து, சீலு.

மாமா கயித்துக் கட்டில்ல உக்காந்து, "என்ன போட்டிருக்கான்"ன்னாரு. அத்தை அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. நாத்தனா பூ கட்டுறத நிறுத்திட்டா.

எங்க வீட்டுல எனக்கு ஒரு குறையும் கிடையாது மேடம், அதச் சொல்லணும். நல்லவங்க. வெளிய வேலைன்னு ஒண்ணு எனக்கு வைக்க மாட்டாங்க. கடைக்கு மாமா போவாரு. சேலை துணிமணி அத்தையே எடுத்துட்டு வந்துடுவாங்க. எனக்குப் பச்சை பிடிக்காது, ஆனா துணி கெட்டியா இருக்கும். தண்ணி வீட்டுக்குள்ளயே வருது. போனு அத்தை மடியில இருக்கும். எங்க வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல ஜேசிபி ஓட்டுறாரு, அவரு கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் சேந்து பேசுவோம், கலகலன்னு இருக்கும். எங்க அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் போயிடுவேன். பக்கத்து ஊர்ல தையல் வகுப்பு நடக்குதுன்னு ஒருக்கா கேட்டேன். "தச்சுத்தான் சாப்பிடணுமா நாம"ன்னாரு மாமா. கோவமா இல்ல, தன்மையாத்தான் சொன்னாரு. நல்ல மனுசரு.

என்ன போட்டிருக்கான்னு கேட்டாருல்ல. என் வாய் தானா பேசிடுச்சு மேடம். "உங்க வீட்டுச் சேவைய யுனிவர்சிட்டியே பாராட்டுதாம் மாமா. இனிமேயும் வாரம் தவறாம வரணுமாம். நீங்க விட்டா, கேக்குறதுக்கு வேற ஆளு இருக்காம்."

அந்தக் கடைசி வரி நான் சொல்லியிருக்க வேண்டாம். சேந்து வந்துடுச்சு.

மாமா அந்தக் கடுதாசிய வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு. மறுநாள் டவுனுக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில முருகனுக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கணுமில்ல? யாராவது இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வந்தா? அதனால வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சந்தனம் வைக்கும்போது, இதுக்கும் வச்சுடுவேன். நாலு மூலைக்கும் ஒவ்வொரு பொட்டு. நடுவுல, வர வேணாம்னு போட்டிருக்கிற வரி மேல மட்டும் ஒரு பெரிய பொட்டு, நீள வாக்குல. "கடுதாசிக்கே இவ்வளவு பக்தியாடி உனக்கு"ன்னு அத்தைக்கு ஒரே பெருமை.

ஒன்பது மாசம் ஓடிடுச்சு. வேலை இல்லாமலே வேலைக்குப் போறேன். திரும்பி வரும்போது சேலை முந்தியில கொஞ்சம் தூசியத் தேச்சுக்கிட்டு வரணும். உங்க லைப்ரரியில தூசி கிடைக்கிறதே இல்ல மேடம், ஒப்பந்தத்துக்காரங்க அவ்வளவு சுத்தம். பஸ் ஸ்டாண்டுலதான் தேச்சுக்குவேன். இவ வேற, ஒரு நாள் தாத்தாகிட்ட, "அம்மா தட்ட மாட்டா, உக்காந்து பாப்பா"ன்னுட்டா. "ஆமா, எங்க தூசி இருக்குன்னு பாத்துத்தானே தட்டணும்"னேன். மாமா தலையாட்டினாரு. பொய் சொல்ல ஆரம்பிச்சா தினம் ஒண்ணு புதுசா வேண்டியிருக்கு. ஆடு வளக்கிற மாதிரிதான், ஒண்ணு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது.

போன ஞாயித்துக்கிழமை இந்தச் சம்பந்தி பொண்ணு பாக்க வந்தாரு. கூட்டுறவுச் சங்கத்துல செக்ரட்டரியா இருந்தவரு. எதையும் எழுத்துல பாத்தாத்தான் நம்புவாரு. கடுதாசிச் சட்டத்துக்கு முன்னால போய் நின்னு, மூக்குக் கண்ணாடியப் போட்டாரு. நான் காப்பித் தட்டோட பின்னால நிக்கிறேன். "சந்தனத்தக் கொஞ்சம் துடைங்க, என்னதான் எழுதியிருக்கான்னு பாப்போம்"ன்னாரு. மாமா விடல. "வச்ச சந்தனத்தத் துடைக்கக் கூடாது சம்பந்தி. வெறும் எழுத்துல என்ன இருக்கு, வியாழக்கிழமை வாங்க, நேர்லயே காட்டுறேன். எம் மருமக கால் வச்சாத்தான் அங்க பீரோவத் திறப்பாங்க"ன்னாரு.

அதான் மேடம், வர்றாங்க.

சகாயமேரி அக்கா இருந்தா அவங்களே பாத்துக்குவாங்க. மகளுக்குப் பிரசவம்னு திங்கக்கிழமையில இருந்து லீவு. பீரோ சாவி உங்க மேசை டிராயர்ல இருக்கும்னு போன வாரமே சொன்னாங்க. நீங்க எல்லாருக்கும் முன்னால, "யாரும்மா நீ, கார்டு இருக்கா"ன்னு கேட்டீங்கன்னா முடிஞ்சது. சம்பந்தி முன்னால மாமா தலை தொங்கிடும். இருபது வருசம் கழிச்சு ஒரு மரியாதை கிடைச்சிருக்கு, அதையும் நான் பொய்யில கட்டி வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. அடிக்கவெல்லாம் மாட்டாரு. பேச மாட்டாரு, அவ்வளவுதான். அப்புறம் வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமை மாதிரி, சனிக்கிழமை மாதிரி ஆயிடும்.

என்ன மேடம் சொல்றீங்க? மெம்பரா சேந்துக்கலாமா? வெளியாளுக்கும் கார்டு குடுப்பீங்களா? நீங்க நல்லவங்க. ஆனா நான் சொல்றத நீங்க கவனிக்கல. தூசி தட்டப் போறேன்னா விடுவாங்க மேடம். படிக்கப் போறேன்னா யாரு விடுவாங்க? எனக்கு என்ன, நான் படிக்கவா போறேன்.

சரி, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாலாவது தட்டுல ஒரு புத்தகம், அட்டை கிழிஞ்சது. அதுல ஒரு பொண்ணு. வீட்டுல யாருகிட்டயும் சொல்லிக்காம, தகரப் பெட்டிய எடுத்துக்கிட்டு ரயிலடிக்கு வந்து பெஞ்சுல உக்காந்திருக்கா. அந்த எடத்துல பெரிய மாமா, "5.40 பாசஞ்சர்"னு எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் பென்சிலே இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், ஒரு கோடுகூட இல்ல. அன்னைக்குக் கேட்டுக்குப் போனவரு திரும்பி வந்து அத எடுக்கவே இல்ல போல. இப்ப அந்தப் பொண்ணு வண்டி ஏறுனாளா, இல்ல யாராவது வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களான்னு பென்சில நம்பித் தெரிஞ்சுக்க முடியாது. நானாத்தான் போகணும். போன வாரம் பக்கத்தத் திருப்புறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏழு நாளா தட்டு கழுவும்போதும் ஆட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அவ பெஞ்சுலயே உக்காந்திருக்கா. பாவமா இருக்கு. அதுக்காகச் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல.

சூளை தாண்டிட்டோம். தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க, அடுத்தது உங்க வாசல்தான். மாமா துண்ட உதறித் தோள்ல போடுறாரு. சம்பந்திகிட்ட என்னமோ சொல்றாரு. எனக்குத் தெரியும் என்ன சொல்றாருன்னு. வீட்டுல தினம் சொல்றதுதான்: "எனக்குப் பிறகும் இது விடாது. இவளுக்கு அடுத்து எம் பேத்தி வந்து தட்டும்." கேக்கவே நல்லாருக்கும் மேடம். எம் மகளுக்கும் ஒரு வியாழக்கிழமைய இப்பவே எழுதி வச்ச மாதிரி. எத்தனை பொண்ணுக்கு அது இருக்கு, சொல்லுங்க. நான் மட்டும் இன்னைக்குக் கெடுத்துடாம இருக்கணும்.

பொய்யெல்லாம் நீங்க சொல்ல வேணாம். பாவம் எனக்கே இருக்கட்டும். நீங்க இறங்கி முன்னால போயிடுங்க. நாங்க கவுண்டர்கிட்ட வந்ததும், என்னைப் பாத்து முகத்தச் சுளிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஏம்மா, இன்னும் என்ன வேடிக்கை? பீரோ அப்படியே கிடக்கு. ஒழுங்கா வர்றதுன்னா வா, இல்லன்னா வேற ஆளுக்கு விட்டுருவோம்"னு ஒரு சத்தம் போடுங்க. கூசாதீங்க மேடம், நல்லாத் திட்டுங்க, நான் தலையக் குனிஞ்சுக்கிறேன். அப்புறம் சாவியயும் ஒரு பழந்துணியயும் எங்கிட்டத் தூக்கிப் போடுங்க.

அப்புறம் மேடம், உங்களுக்கு வாய் வந்துச்சுன்னா, வாரம் ஒரு நாள் பத்தாது, இனிமே செவ்வாய்க்கிழமையும் வந்தாகணும்னு கண்டிச்சுச் சொல்லிடுங்க.